அம்மாவின் பர்ஸில் இருக்கும் எல்ஆர்டி தாள்

என் அம்மாவுக்கு ரயில் புதிதில்லை. தைப்பிங் ரயில்வே குவாட்டர்ஸில் இருபத்தெட்டு வருஷம் குடியிருந்தவர். அப்பாவுக்குத் தண்டவாளக் கேங்கில் வேலை. மலாயாவின் முதல் ரயில் 1885 ஜூன் 1ஆம் தேதி எங்கள் ஊரிலிருந்துதான் போர்ட் வெல்டுக்கு ஓடியது. அதை ஏதோ தானே பச்சைக்கொடி காட்டி அனுப்பிவைத்தது போல அப்பா சொல்லுவார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவர், 68 வயதில், கோலாலம்பூரின் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையக் கூடத்தின் நடுவில் துணிப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்று எனக்குப் போன் அடித்தார்.

"கண்ணு, இங்க எங்க பாத்தாலும் ஸ்டேஷனா இருக்கு. என் ஸ்டேஷன் எது?"

கண் சிகிச்சைக்காக மாதம் ஒரு தடவை அம்மா கோலாலம்பூர் வர வேண்டியதாகிவிட்டது. தைப்பிங்கிலிருந்து இடிஎஸ் விரைவு ரயிலில் கே.எல். சென்ட்ரல் வரை பிரச்சினையில்லை. டிக்கெட்டில் பெட்டி நம்பர், சீட் நம்பர் எல்லாம் இருக்கிறது, தம்பி ஏற்றிவிட்டுவிடுவான். அங்கிருந்து பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் என் வீட்டுக்கு எல்ஆர்டி. ஒவ்வொரு மாதமும் அரைநாள் லீவு போட்டுக்கொண்டு நான் போய் நிற்க முடியாது. கிராப் டாக்ஸி பிடித்துத் தருகிறேன் என்றால், எவ்வளவு என்று கேட்டுவிட்டு, "அந்தக் காசுக்கு ரெண்டு கிலோ மீன் வாங்கலாம்" என்பார். ஆகவே ஒரு தாளை எடுத்து, பெரிய எழுத்தில், தமிழில் எழுதிக் கொடுத்தேன். அதைக் கோயிலில் பார்த்த அம்மாவின் கூட்டாளிகள் போனில் படம் பிடித்துக்கொண்டார்கள். பிறகு அவர்களுடைய மகள்கள் என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். தாளில் இருந்ததையும், தாளில் எழுத மறந்து அம்மா பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கும் ஊரிலிருந்து யாராவது வருவார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ரயிலில் ஏறுவது பெரிய வித்தையே இல்லை. கதவு தானாகத் திறக்கும், ஏறினால் தானாகப் போகும். ஆளைக் குழப்புவது நிலையங்களும், அவற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களும்தான்.

பத்திரிகையில் இலகு ரயில் என்று எழுதுவார்கள், பேச்சில் எல்ஆர்டிதான். கோலாலம்பூரில் அது மூன்று தடம்: அம்பாங், சிரி பெட்டாலிங், கிளானா ஜெயா. 1996 டிசம்பரில் முதலில் ஓடியதற்கு 'ஸ்டார்' என்று பெயர். இன்றைய அம்பாங் தடமும் சிரி பெட்டாலிங் தடமும் அதிலிருந்து வந்தவை. 1998 செப்டம்பரில் ஓட ஆரம்பித்தது 'புத்ரா'. அதுதான் இன்றைய கிளானா ஜெயா தடம். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் இன்னும் ஸ்டார், புத்ரா என்றே சொல்லுவார்கள். வழி கேட்டால் அந்தப் பெயரில் பதில் வரும். அதனால்தான் இந்தப் பழங்கதை.

இப்போது பெயர்களைப் பாருங்கள். பெட்டாலிங் ஜெயா போவதற்குச் சிரி பெட்டாலிங் தடத்தில் ஏறக்கூடாது; அது புக்கிட் ஜாலில், பூச்சோங் பக்கம் போகிறது. பெட்டாலிங் ஜெயாவுக்குக் கிளானா ஜெயா தடம். அம்பாங் பார்க் நிலையம் அம்பாங் தடத்தில் கிடையாது. அதுவும் கிளானா ஜெயா தடத்தில், இரட்டைக் கோபுரம் இருக்கும் கே.எல்.சி.சி.க்கு அடுத்த நிலையம். சரி, கிளானா ஜெயா தடமாவது கிளானா ஜெயாவில் முடிகிறதா என்றால், 2016 ஜூன் வரை முடிந்தது. பிறகு புத்ரா ஹைட்ஸ் வரை நீட்டிவிட்டார்கள். பலகையில் 'கிளானா ஜெயா போகும் ரயில்' என்று தேடிக்கொண்டு நின்றால் நின்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். ஒரு பக்கம் கோம்பாக் என்று போட்டிருக்கும், இன்னொரு பக்கம் புத்ரா ஹைட்ஸ் என்று போட்டிருக்கும்.

அந்தப் புத்ரா ஹைட்ஸில்தான் என் அம்மா மாட்டினார்.

நான் தாளில் எழுதியிருந்தது இதுதான்: 'திரும்பி வரும்போது புத்ரா ஹைட்ஸ் ரயிலில் ஏறு.' கே.எல். சென்ட்ரலிலிருந்து வருகிறவருக்கு அது சரி. ஆனால் அன்று அம்மா மஸ்ஜிட் இந்தியா கடைத்தெருவில் சேலை பார்க்கப் போயிருந்தார். திரும்பும்போது மஸ்ஜிட் ஜாமெக் நிலையத்தில் ஏறினார். மஸ்ஜிட் ஜாமெக்கில் மூன்று தடங்களும் சந்திக்கின்றன. கிளானா ஜெயா தடம் பூமிக்கு அடியில். மற்ற இரண்டும் மேலே. மேலே இருப்பதில் சிரி பெட்டாலிங் ரயிலும் கடைசியாக எங்கே போய்ச் சேருகிறது தெரியுமா? அதே புத்ரா ஹைட்ஸ். இரண்டு தடங்களும் நகரத்தின் இரண்டு பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய் ஒரே நிலையத்தில் முடிகின்றன. அம்மா தாளைப் பார்த்தார், ரயில் நெற்றியைப் பார்த்தார், எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனது, ஏறிவிட்டார்.

முக்கால் மணி நேரம் கழித்துப் போன்.

"கண்ணு, ஜன்னல்ல பெரிய ஸ்டேடியம் தெரிஞ்சது. நம்ம வீட்டுப் பக்கம் ஸ்டேடியம் கட்டிட்டாங்களா?"

அதற்குள் புக்கிட் ஜாலிலைத் தாண்டிப் பூச்சோங்கை நெருங்கிக்கொண்டிருந்தார். திரும்பி வரச் சொல்லலாமா என்று யோசித்தேன். அதைவிட, அப்படியே கடைசி வரை போகச் சொல்வதுதான் சுலபம் என்று தோன்றியது. புத்ரா ஹைட்ஸில் கேட்டுக்கு வெளியே வராமலே கிளானா ஜெயா தடத்துக்கு மாறிக்கொள்ளலாம். அங்கிருந்து எதிர்த்திசையில், சுபாங் ஜெயா வழியாக எங்கள் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். வீட்டுக்குள் நுழையும்போது விளக்கு வைக்கும் நேரம். முகத்தில் களைப்பைவிடக் கோபம்தான் அதிகம். கோபம் ரயில் மேல் இல்லை, தாளை எழுதியவள் மேல்.

அன்று இரவே தாளை மாற்றினேன். முதலில் நிறம், அப்புறம் கடைசி நிலையத்தின் பெயர். இரண்டும் சேர்ந்து சரியாக இருந்தால்தான் ஏற வேண்டும்.

நிறத்தை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது? ஆங்கிலத்தில் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அவருக்கு உதவாது. சேலைக்கடை பாஷையில் சொன்னேன், ஒரே தடவையில் பிடித்துக்கொண்டார். கிளானா ஜெயா தடம் ராணி கலர். சிரி பெட்டாலிங் அரக்கு. அம்பாங் ஆரஞ்சு. மோனோரயில் கிளிப்பச்சை. காஜாங் பக்கம் போகும் எம்ஆர்டி (எல்ஆர்டியைவிடப் பெரிய நகர ரயில்) நல்ல பச்சை, புத்ராஜெயா எம்ஆர்டி மஞ்சள். நிலையத்துக்குள் எல்லாப் பலகையிலும் இந்த நிறப் பட்டை இருக்கும். தூணில், சுவரில், கதவுக்கு மேலே ஒட்டியிருக்கும் வரைபடத்தில் எல்லாம் அதே நிறம்தான். பக்கத்திலேயே ஓர் எண்ணும் இருக்கும்: கிளானா ஜெயா 5, சிரி பெட்டாலிங் 4, அம்பாங் 3. எழுத்து தெரியாதவர்கள்கூட நிறத்தையும் எண்ணையும் வைத்துப் போய்விடலாம். பலகைகள் மலாயிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும் என்பதால் இதை வீட்டிலேயே சொல்லி அனுப்புவது நல்லது.

அம்பாங் தடத்துக்கும் சிரி பெட்டாலிங் தடத்துக்கும் ஒரு சங்கதி உண்டு. செந்தூல் தீமோரிலிருந்து சான் சவ் லின் வரை இரண்டும் ஒரே தண்டவாளத்தில், ஒரே நடைமேடைக்கு வரும். சான் சவ் லின்னுக்குப் பிறகுதான் பிரியும். அம்பாங் என்று போட்ட ரயில் ஒன்று வரும், அடுத்தது புத்ரா ஹைட்ஸ் என்று வரும். தெரியாமல் மாறி ஏறிவிட்டால் பதறாமல் சான் சவ் லின்னில் இறங்கி, அடுத்த ரயிலில் ஏறிக்கொள்ளுங்கள். சான் சவ் லின்னைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் எந்த நிலையத்திலாவது இறங்கி எதிர்ப்பக்கம் போய்த் திரும்பி வர வேண்டும்.

கார்டு

மெஷினில் காசு போட்டால் நீல நிறத்தில் பிளாஸ்டிக் வில்லை ஒன்று விழும். டோக்கன். உள்ளே போகும்போது கேட்டின் மேல் வைத்துத் தொட வேண்டும். வெளியே வரும்போது துவாரத்தில் போட்டுவிட வேண்டும். ஒரு நாள் வந்துபோகிறவர்களுக்கு அது போதும். ஆனால் மெஷின் முன்னால் வரிசையில் நின்று, பெரிய நோட்டை அது துப்பத் துப்பத் திருப்பித் திருப்பிச் செருகிக்கொண்டிருப்பதைவிட டச் அன் கோ கார்டு ஒன்று வாங்கிக் கொடுத்துவிடுங்கள். எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், கொமியூட்டர் என்கிற புறநகர் ரயில், பஸ் எல்லாவற்றுக்கும் அதே கார்டு. டோல் சாவடிக்கும் அதுதான் என்பதால் வீட்டில் எங்காவது ஒன்று கிடக்கும், தேடிப் பாருங்கள்.

கார்டில் அம்மா செய்த தப்பைச் சொல்கிறேன். பர்ஸோடு சேர்த்துக் கேட்டில் வைத்தார். பர்ஸில் அடையாள கார்டு, வங்கி கார்டு, டச் அன் கோ மூன்றும் இருந்தன. கேட் எதைப் படிப்பது என்று தெரியாமல் சிவப்பு காட்டியது. பின்னால் பத்துப் பேர். இப்போது கார்டைத் தனியாக ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, கழுத்தில் மாட்டும் கயிற்றில் கோத்துக் கொடுத்திருக்கிறேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கிறது என்று முதலில் முனகினார். இப்போது அந்தக் கயிறு இல்லாமல் வீட்டை விட்டு இறங்குவதில்லை.

ஒரு கார்டு ஒரு ஆளுக்குத்தான். முன்னால் போகிறவர் தொட்டுவிட்டுக் கார்டைப் பின்னால் நீட்டினால் கேட் திறக்காது, ஏனென்றால் அந்தக் கார்டு ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. வெளியே வரும்போதும் அதே கார்டைத்தான் தொட வேண்டும். காசு பற்றாமல் கேட் மறித்தால் வெட்கப்பட ஒன்றுமில்லை, பக்கத்திலேயே கவுண்டர் இருக்கும். அங்கே போய்க் காசு ஏற்றிக்கொள்ளலாம்.

60 வயதைத் தாண்டிய மலேசியர்களுக்குப் பாதிக் கட்டணம். அதற்குக் கார்டைப் பதிந்துகொள்ள வேண்டும். அடையாள கார்டோடு பெரிய நிலையத்தின் கவுண்டரில் கேளுங்கள். தினமும் வேலைக்குப் போய்வருகிற குடிமக்களுக்கு மாதம் 50 வெள்ளி (ரிங்கிட்) பாஸ் இருக்கிறது. 30 நாளைக்கு எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரயில், பஸ் எதில் வேண்டுமானாலும் எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். கொமியூட்டர் அதில் சேராது. நான் அந்தப் பாஸில்தான் போய்வருகிறேன். பெட்ரோல், டோல், பார்க்கிங் மூன்றையும் கூட்டிப் பார்த்த நாளிலிருந்து என் கார் வார நாட்களில் வீட்டை விட்டு நகர்வதில்லை.

கேட்டுக்கு உள்ளே, கேட்டுக்கு வெளியே

தடம் மாறும்போது எல்லாரும் தடுமாறும் இடம் இது. சில நிலையங்களில் ஒரு தடத்திலிருந்து இன்னொன்றுக்குக் கேட்டைத் தாண்டாமலே போய்விடலாம். சிலவற்றில் கார்டைத் தொட்டு வெளியே வந்து, நடந்து, மறுபடி தொட்டு உள்ளே போக வேண்டும். பார்க்க ஒரே கட்டடம் போல இருக்கும், கணக்கு வேறு.

மஸ்ஜிட் ஜாமெக், புத்ரா ஹைட்ஸ் இரண்டிலும் எல்ஆர்டிக்கு எல்ஆர்டி உள்ளேயே மாறலாம். பசார் செனியில் எல்ஆர்டி மேலே, எம்ஆர்டி பாதாளத்தில். நீளமான எஸ்கலேட்டர்கள்தான், ஆனால் கேட் இல்லை. ஹங் துவாவில் எல்ஆர்டியிலிருந்து மோனோரயிலுக்கும் அப்படியே. அம்பாங் பார்க்கில் பெயர் ஒன்றுதான் என்றாலும் எல்ஆர்டியிலிருந்து எம்ஆர்டிக்கு வெளியே வந்துதான் போக வேண்டும். டாங் வாங்கியில் எல்ஆர்டியை விட்டு இறங்கி, ரோட்டோரம் நடந்துதான் புக்கிட் நானாஸ் மோனோரயில். மழை நாளில் அந்த வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கே.எல். சென்ட்ரல்தான் இதில் பெரிய பரீட்சை. 2001இல் திறந்தது. பழைய ரயில்வே யார்டு இருந்த இடம். பக்கத்துப் பிரிக்பீல்ட்ஸில் யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டர்களும் கிராணிகளும் நம்மூர்க் கூலிகளும் ஒரே ரயில்வேக்கு வேலை செய்து, வேறு வேறு வரிசையில் குடியிருந்தார்கள். அப்பா ஒருமுறை இங்கே மாற்றலாகி வரப் பார்த்தார். அம்மாதான் தைப்பிங் மழையை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டார். இன்று அந்த இடத்தில் இடிஎஸ், கொமியூட்டர், எல்ஆர்டி, விமான நிலைய ரயில் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி கேட். மோனோரயில் அந்தக் கூரைக்குள்கூட இல்லை. பக்கத்தில் இருக்கும் என்யூ சென்ட்ரல் கடைத்தொகுதிக்குள் புகுந்து, அந்தப் பக்கம் வெளியே வர வேண்டும். எம்ஆர்டிக்கு மியூசியம் நெகாரா நிலையம் வரை நடைபாதை வழியாகப் போக வேண்டும்.

இடிஎஸ்ஸிலிருந்து இறங்குகிறவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். எஸ்கலேட்டரில் மேலே ஏறிப் பெரிய கூடத்துக்கு வந்ததும் நடக்காமல் ஓரமாக நில்லுங்கள். பின்னால் வருகிற கூட்டம் எங்கே போகிறதோ அங்கே போகாதீர்கள். அவர்கள் எல்லாரும் உங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் இல்லை. தலையைத் தூக்கி ராணி கலர் பலகையைத் தேடுங்கள். கிடைத்ததும் அந்த அம்புக்குறியை மட்டும் பின்பற்றுங்கள். கூடத்தைக் கடப்பதற்கு முன்பே கழிப்பறை வேலையை முடித்துக்கொள்வதும் நல்லது. எல்ஆர்டிக்குள் போன பிறகு ஒன்றைத் தேடிப்பிடிப்பது கஷ்டம்.

இன்னும் குழப்பமாக இருந்தால் கேட்டுவிடுங்கள். சீருடையில் நிற்கிற பையனைப் பார்த்து, "டேக், எல்ஆர்டி மானா?" (தம்பி, எல்ஆர்டி எங்கே?) என்று மலாயில் கேட்டால் போதும், கையைக் காட்டுவார்கள், பாதிப் பேர் கூடவே நடந்து வந்து விட்டுவிட்டும் போவார்கள். அம்மா இதில் என்னைவிடத் தேறியவர். அவருக்கு மலாய் எஸ்டேட் சந்தையில் பழகியது, எங்கே போனாலும் ஓடும்.

நடைமேடையும் பெட்டியும்

கேட்டைத் தாண்டியதும் நேராக எஸ்கலேட்டரில் ஏறிவிடாதீர்கள். மேலே ஓடும் பகுதியில் பல நிலையங்களில் நடைமேடை இரண்டாகப் பிரிந்திருக்கும், நடுவில் தண்டவாளம். தவறான பக்கம் ஏறிவிட்டால் எதிரே உங்கள் ரயில் வந்து போவதைக் கையைக் கட்டிக்கொண்டு பார்க்கலாம். பிறகு இறங்கி மறுபடி அந்தப் பக்கம் ஏற வேண்டும். எஸ்கலேட்டருக்குக் கீழேயே அந்தப் பக்கத்து நிலையங்களின் பட்டியல் பலகையில் இருக்கும். அதில் உங்கள் நிலையத்தின் பெயர் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்த்துவிட்டு ஏறுங்கள். எஸ்கலேட்டரில் இடதுபக்கம் நில்லுங்கள், வலதுபக்கம் அவசரக்காரர்களுக்கு. முழங்கால் வலி இருந்தால் லிஃப்ட் இருக்கிறது. அது பெரும்பாலும் மூலையில் ஒளிந்திருக்கும், சக்கரநாற்காலிப் படத்தைத் தேடுங்கள்.

கிளானா ஜெயா ரயிலில் டிரைவர் கிடையாது. அம்மாவிடம் முதலிலேயே சொல்லியிருக்கலாம்; சொல்லவில்லை. முன்பெட்டியில் ஏறி, முன்னால் வெறும் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "ஓட்டுறவன் எங்க?" என்று பக்கத்தில் இருந்த சீனப் பெண்ணிடம் கேட்டிருக்கிறார். அவர் சிரித்துவிட்டுக் காலியான முன்சீட்டைக் காட்டி உட்காரச் சொல்லியிருக்கிறார். கனடாவின் வான்கூவரில் ஓடுவதும் இதே வகை ரயில்தான். எல்லாம் கம்ப்யூட்டர் கட்டுப்பாடு. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே தட்டையாக ஓர் உலோகப் பட்டை நீளமாக ஓடுவதைப் பார்க்கலாம். பெட்டிக்கு அடியில் இருக்கும் மோட்டார் அந்தப் பட்டையின் மேல் காந்த விசையால் பெட்டியைத் தள்ளுகிறது. சக்கரம் தாங்குவதற்கு மட்டும்தான். கிளம்பும்போது மெல்லிய விசில் போல ஒரு சத்தம் ஏறி ஏறி வருவது அதனால்தான். அப்பா இருந்திருந்தால் அந்தப் பட்டையைப் பற்றி மட்டும் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

பேரப்பிள்ளைகளோடு போகிறவர்கள் பசார் செனியிலிருந்து மஸ்ஜிட் ஜாமெக் போகும் ரயிலில் முன்கண்ணாடி ஓரம் நிறுத்துங்கள். வெளிச்சத்தில் மேலே ஓடிக்கொண்டிருந்த ரயில் அப்படியே பூமிக்குள் இறங்கும். அம்பாங் பார்க்கைத் தாண்டி டாமாய்க்கு முன்னால் மறுபடி வெளியே ஏறும். காசு கொடுத்தால்கூட இதைவிட நல்ல சவாரி கிடைக்காது.

கம்பியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 2021 மே 24 இரவு, கம்போங் பாருவுக்கும் கே.எல்.சி.சி.க்கும் நடுவே சுரங்கத்தில் இரண்டு ரயில்கள் மோதி 213 பேருக்குக் காயம். ஒன்று பயணிகள் இல்லாத ரயில், அதை அப்போது கையால் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தச் செய்தி தைப்பிங் வரை போய், அம்மா வெகுநாள் எல்ஆர்டி என்றாலே வேண்டாம் என்றார். நான் தினமும் அதில்தான் போகிறேன், பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னேன். ஆனாலும் நிற்கும்போது ஒரு கை கம்பியில் இருக்க வேண்டும் என்பதை நான் விட்டுக்கொடுப்பதில்லை, அது விபத்துக்காக மட்டுமில்லை. பங்சாரைத் தாண்டும் வளைவுகளில் சும்மாவே ஆளைச் சாய்க்கும்.

காலையில் ஏழிலிருந்து ஒன்பதரை வரை, மாலையில் ஐந்திலிருந்து ஏழரை வரை வயதானவர்களை அனுப்பாதீர்கள். ரயில் சில நிமிஷத்துக்கு ஒன்று வரும், ஆனால் ஒவ்வொன்றும் நிறைந்து வரும். கதவோர இருக்கைகள் முதியவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் ஒதுக்கியவைதான், அதில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்கு அந்த நேரம் பார்த்துத் தூக்கம் வந்துவிடும். அம்மா அதற்கொரு வழி வைத்திருக்கிறார்: எதிரில் நின்று பெருமூச்சு விட்டபடி, "ஆயா..." என்பார். எந்த இனத்துப் பிள்ளையாக இருந்தாலும் எழுந்துவிடுவான்.

கோயில் பிரசாதமாக இருந்தாலும் பெட்டிக்குள் சாப்பிடக்கூடாது. டுரியான் கொண்டுபோகவும் கூடாது. ஏர்கோன் குளிர் அதிகம், ஒரு சால்வை இருக்கட்டும்.

எங்கே இறங்குவது

கே.எல். சென்ட்ரலிலிருந்து எங்கள் நிலையமான தாமான் பாரமவுண்ட் ஏழாவது. பங்சார், அப்துல்லா ஹுக்கும், கெரிஞ்சி, யுனிவர்சிட்டி, தாமான் ஜெயா, ஏசியா ஜெயா, தாமான் பாரமவுண்ட். இதற்கு அடுத்தது தாமான் பஹாகியா, அதற்கு அடுத்தது கிளானா ஜெயா. மூன்று தாமான், மூன்று ஜெயா. பேச்சு சுவாரஸ்யத்தில் ஒரு காதால் மட்டும் அறிவிப்பைக் கேட்கிறவர் என்ன ஆவார்? அம்மா இரண்டாவது தடவை தாமான் ஜெயாவில் இறங்கிவிட்டார், மூன்றாவது தடவை தாமான் பஹாகியா வரை போய்விட்டார்.

அதனால் பெயரை விட்டுவிட்டு எண்ணச் சொன்னேன். கே.எல். சென்ட்ரலில் கதவு மூடியதும் ஒரு கையில் ஐந்து விரலையும் மடக்கிக்கொள்வார். ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு விரல் விரியும். ஐந்தும் விரிந்தால் தாமான் ஜெயா. பிறகு அடுத்த கையில் இரண்டு. 'ஸ்டேசன் பெரிகுட்ஞா' என்று அறிவிப்பு வரும்போதே, அதாவது அடுத்த நிலையம் என்று சொல்லும்போதே எழுந்து கதவருகில் போய்விடச் சொல்லியிருக்கிறேன். கதவு வெகுநேரம் திறந்திருக்காது. சிவப்பு விளக்கு மின்னி மணி அடிக்க ஆரம்பித்துவிட்டால் ஓடிப்போய்ப் புகவேண்டாம், இறங்கவும் வேண்டாம். தவறவிட்டால் அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்ப்பக்கம் வந்து ஒரு நிலையம் திரும்பி வரலாம். 

இறங்கிய பிறகு எந்த வாசல் என்பது இன்னொரு கேள்வி. நாலுவழி ரோட்டின் தப்பான பக்கம் வெளியே வந்துவிட்டால் கடப்பது பாடு. உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லும்போது நிலையத்தின் பெயரோடு நிறுத்தாமல், எந்த வாசல், வெளியே வந்ததும் எதிரே என்ன கடை தெரியும் என்பதையும் சொல்லுங்கள். என் தாளில் அந்த வாசலின் படமே ஒட்டியிருக்கிறது.

கோயில் குளத்துக்கு என்று வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருக்கும் மகாமாரியம்மன் கோயிலுக்குப் பசார் செனியில் இறங்கினால் நடைதூரம். தைப்பூச வெள்ளி ரதம் கிளம்புவது அங்கிருந்துதான். பத்துமலைக்கு எல்ஆர்டி போகாது, கே.எல். சென்ட்ரலில் கொமியூட்டர் கேட்டுக்குப் போய், 'பத்து கேவ்ஸ்' என்று போட்ட ரயிலில் ஏறுங்கள், கடைசி நிலையம் அதுதான், கோயில் வாசலிலேயே இறக்கிவிடும். கொமியூட்டரில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி உண்டு, இளஞ்சிவப்பு ஒட்டுப்படம் இருக்கும். நடைமேடையிலும் அது நிற்கும் இடத்தில் அடையாளம் போட்டிருப்பார்கள். கொமியூட்டர் எல்ஆர்டி மாதிரி சில நிமிஷத்துக்கு ஒன்று வராது, நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

மோனோரயிலில் கே.எல். சென்ட்ரலுக்கு அடுத்த நிலையத்தின் பெயர் துன் சம்பந்தன். அங்கே ஒரு வேலையும் இல்லாவிட்டாலும் அம்மா ஒருமுறை போய் இறங்கிப் பார்த்துவிட்டு வந்தார். துண்டாடப்படும் தோட்டங்களை வாங்குவதற்காக, அன்றைய மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவர் சம்பந்தன் ஆரம்பித்த கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா பங்கு சேர்ந்திருந்தார். பலகைக்கு முன்னால் நின்று படம் எடுத்துத் தரச் சொல்லி, எடுத்துக் கொடுத்த வங்காளதேசத்துத் தம்பிக்கும் சம்பந்தன் யார் என்று விளக்கியிருக்கிறார். இந்த மாதிரி வீண் சவாரிகளுக்குத்தான் பாதிக் கட்டணக் கார்டு.

ரயில்கள் காலை ஆறு மணி வாக்கில் ஆரம்பித்து நள்ளிரவு வாக்கில் நிற்கும். ஆனால் கடைசி ரயில் என்பது ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒவ்வொரு நேரம். தடம் மாற வேண்டியவர்கள் முதல் ரயிலைப் பிடித்துவிட்டு இரண்டாவதைக் கோட்டைவிடுவதுண்டு. இரவு பத்தரைக்கு மேல் தடம் மாறுகிற மாதிரி திட்டம் போடாதீர்கள்.

தாளின் அடியில் என் போன் நம்பரும், 'தப்பாக ஏறினால் பதறாதே, அடுத்த ஸ்டேஷனில் இறங்கு' என்ற வரியும் இருந்தன. போன மாதம் அம்மா குளிக்கப் போயிருந்தபோது அந்தத் தாளை எடுத்துப் பார்த்தேன். மடிப்பெல்லாம் கிழிந்து செலோடேப் போட்டு ஒட்டியிருந்தார். புத்ரா ஹைட்ஸ் என்று நான் எழுதியிருந்ததை அடித்துவிட்டு, பக்கத்தில் தன் குண்டு எழுத்தில் எழுதியிருந்தார்: 'ராணி கலர். 7 விரல். முன்னாடி சீட்டு காலியா பாரு.'